தந்தையின் மேசையும் மகனின் மூலநூல்களும்
(ஜே. எஸ். மில்லின் வரலாற்றுக் கல்வி குறித்த ஒரு மதிப்பீடு)

1

வரலாற்றை எவ்வாறு கற்பது என்னும் வினாவிற்கு இருவகை விடைகள் வழங்கிவருகின்றன. அறிஞர் ஒருவர் ஆராய்ந்து தொகுத்தெழுதிய நூலைப் பயின்று, அதன் முடிவுகளை மனங்கொள்ளுதல் ஒன்று. அவ்வக்காலத்து மனிதர் எழுதிவைத்தவற்றையே நேரிற் படித்து, முடிவுகளை நாமே தேடிக்கொள்ளுதல் மற்றொன்று. முதலாவது எளிது, பரீட்சைக்கும் உகந்தது. இரண்டாவது கடினமானது, ஆயினும் அதுவே உண்மையான வரலாற்றுக் கல்வி எனப் பலராலும் போற்றப்படுவது. போற்றப்படும் அளவுக்கு அது பரிசீலிக்கப்பட்டதா என்பதே ஐயம்.

இவ்விரண்டாவது வழியில், பள்ளிக்கூடத்துக்கே அனுப்பப்படாமல், வீட்டிலே தந்தையாரிடம் கிரேக்க உரோம வரலாற்றைப் பயின்ற ஒருவரின் சாட்சியம் நமக்கு எழுத்திற் கிடைத்துள்ளது. அவரே ஜோன் ஸ்ருவேட் மில் (1806-1873). அவர் மறைந்த ஆண்டிலேயே வெளியான அவரது சுயசரிதையின் தொடக்க அத்தியாயம், உலகில் எழுதப்பட்ட கல்வி வரலாறுகளுள் மிகவும் பெயர்பெற்ற ஒன்றாகும். அதனை வாசிப்போர் பெரும்பாலும் மூன்று வயதிற் கிரேக்கம் கற்ற பாலகனின் விந்தையிலேயே நின்றுவிடுகின்றனர். விந்தையைக் கடந்து அக்கல்வியின் உள்ளமைப்பை நோக்குவதும், அதன் பெறுமதியையும் எல்லையையும் அளவிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம். அவ்வாறு நோக்குவதற்கு நமக்குத் தனிப்பட்ட காரணம் ஒன்றும் உண்டு. மகனுக்குக் கிரேக்கம் கற்பித்த தந்தையார் ஜேம்ஸ் மில், அதே மேசையில், அதே ஆண்டுகளில் எழுதிக்கொண்டிருந்தது பிரித்தானிய இந்தியாவின் வரலாற்றை.

2

முதலில் மில் தரும் செய்திகளைச் சுருக்கமாகக் காண்போம். மூன்று வயதிற் கிரேக்கம் தொடங்கப்பெற்றது. தந்தையார் அட்டைகளிற் கிரேக்கச் சொற்களையும் அவற்றின் ஆங்கிலப் பொருளையும் எழுதிக்கொடுத்தார். இலக்கணத்திற் பெயர், வினை ஆகியவற்றின் திரிபுகள் மட்டுமே முதலிற் கற்பிக்கப்பட்டன. ஏனையவை பின்னரே வந்தன. சொற்கள் ஓரளவு பழகியதும் நேரே நூலுக்குட் புகுந்தனர். ஈசோப்பின் கதைகள் முதல் நூல். செனபனின் 'அனபாசிஸ்' இரண்டாவது. எட்டு வயதுக்குள் ஹெரொடோட்டஸ் முழுவதும், செனபனின் வேறு நூல்களும், லூசியனில் ஒரு பகுதியும் வாசிக்கப்பட்டன. 1813இற் பிளேட்டோவின் உரையாடல்கள் ஆறு. அவற்றுள் 'தீயிடெட்டஸ்' தமக்கு விளங்கியிருக்க இயலாதென்றும், அதனை விட்டிருக்கலாம் என்றும் மில் பிற்காலத்தில் எழுதினார். எட்டாவது வயதில் இலத்தீன் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் லிவி, சலஸ்ட், துசிடைடிஸ், பொலிபியஸ் முதலியோர் வாசிக்கப்பட்டனர். பன்னிரண்டாம் வயதில் தசிட்டஸ்.

அக்காலத்திற் கிரேக்கத்துக்கு ஆங்கில வழி அகராதி மாணவர் கைக்கு எட்டியதாக இல்லை. இருந்தவை இலத்தீன் வழி அகராதிகள். சிறுவனுக்கோ இலத்தீன் தெரியாது. ஆகவே தெரியாத ஒவ்வொரு சொல்லையும் எதிரில் எழுதிக்கொண்டிருந்த தந்தையாரிடமே கேட்க வேண்டியிருந்தது. பொறுமையற்றவராகிய அவர் இந்த இடைவிடாத குறுக்கீட்டைப் பொறுத்துக்கொண்டே தமது நூலின் பல பாகங்களை எழுதி முடித்தார் என்கிறார் மில். வீட்டுக் கல்வியின் மிகச் சிறந்த காட்சி இதுவே எனத் தோன்றுகிறது. ஆசிரியர் தமக்கு முன்னே உழைப்பதை மாணவன் நாள்தோறும் காண்கிறான். அறிவு என்பது ஒப்புவிக்கும் பொருளன்று, செய்யும் தொழில் என்பது அவனுக்குச் சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

இக்கல்வியின் முறையில் மூன்று அம்சங்கள் தனித்து நோக்கத்தக்கன.

முதலாவது, வாய்மொழி மீட்டுரை. 1810 முதல் 1813 வரை லண்டனின் புறத்தேயுள்ள நியூவிங்டன் கிறீனில் வாழ்ந்த காலத்தில், காலையுணவுக்கு முன்னர்த் தந்தையும் மகனும் வயல்வெளிப் பாதைகளில் நடப்பது வழக்கம். முதல்நாள் வாசித்த வரலாற்றைச் சிறு தாள்களிற் குறித்துவைத்து, அவற்றின் துணையோடு சிறுவன் தந்தையாருக்குக் கதையாகக் கூறுவான். தந்தையார் நாகரிகம், அரசாட்சி, ஒழுக்கம் முதலிய கருத்துக்களை விளக்குவார். அவற்றை மகன் தன் சொற்களில் மீண்டும் கூறல் வேண்டும்.

இரண்டாவது, வரலாற்றாசிரியரை மூலத்தைக்கொண்டு எதிர்த்து வாசித்தல். மிற்போட் எழுதிய கிரேக்க வரலாறு சிறுவனுக்குப் பெருவிருப்பான நூல். மிற்போட் ரோரிக் கட்சிச் சார்புடையவர். எதேச்சாதிகாரிகளுக்கு வெள்ளை பூசி மக்களாட்சியை இழித்தெழுதியவர். இதனைத் தந்தையார் முன்கூட்டியே எச்சரித்து, கிரேக்கப் பேச்சாளரிடமிருந்தும் வரலாற்றாசிரியரிடமிருந்தும் சான்று காட்டி விளக்கினார். அதன்பின் மிற்போட்டை வாசிக்கும்போதெல்லாம் தமது அனுதாபம் ஆசிரியருக்கு எதிர்ப்பக்கத்திலேயே இருந்தது என்றும், அதனால் வாசிப்பின் இன்பம் குறையவில்லை என்றும் மில் கூறுகிறார்.

மூன்றாவது, எழுதுதல். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட வயதில் உரோம அரசியலமைப்பின் வரலாறொன்றை லிவி, டயனீசியஸ் ஆகியோரிடமிருந்தும் ஹூக்கின் நூலிலிருந்தும் திரட்டி, லிசினியச் சட்டங்கள் வரை அவர் எழுதினார். போர்களிலும் வெற்றிகளிலும் முன்பு கொண்டிருந்த ஈடுபாடு இப்போது உயர்குடியினருக்கும் பொதுமக்களுக்கும் இடையிலான போராட்டத்தின்பாற் சென்றது. காணிச் சட்டங்களை லிவியின் சான்றைக்கொண்டே நியாயப்படுத்தி, உரோம மக்கட் கட்சிக்காக அவர் வாதாடினார். தந்தையார் இம்முயற்சியை ஊக்குவித்தார். எழுதியதைக் காட்டுமாறு ஒருபோதும் கேட்டதில்லை. அதனால் எழுதும்போது கண்காணிக்கப்படும் உணர்ச்சி இருக்கவில்லை என்பதை மில் நன்றியுடன் நினைவுகூர்கிறார். பின்னர் அவை சிறுபிள்ளைத்தனமானவை எனக் கருதி அவரே அவற்றை அழித்துவிட்டார்.

இம்மூன்றும் ஒன்றுசேரும்போது வெறும் மொழிப்பயிற்சி வரலாற்றுப் பயிற்சியாகிறது. அக்கால ஆங்கிலப் பள்ளிகளிலும் கிரேக்கமும் இலத்தீனும் பயிலப்பட்டன. ஆனால் அங்கே மாணவர் ஆண்டுக்கணக்கில் இலத்தீனிற் செய்யுள் கட்டிக்கொண்டிருந்தனர். 1867இற் சென் அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய தலைமையுரையில் மில் இவ்வழக்கத்தைக் கடிந்தார். அதே உரையில் மூலநூல் வாசிப்புக்கான தமது நியாயத்தையும் முன்வைத்தார். நவீன நூல்கள் கிரேக்கரையும் உரோமரையும் நமக்குக் காட்டுவதில்லை, அவர்களைப் பற்றிய நவீன ஆசிரியர் ஒருவரின் அபிப்பிராயத்தையே தருகின்றன என்பது அவரது வாதம். பிறர் கூறக் கேட்பதை விட்டு ஊற்றுக்கே செல்லுதல் அறிவொழுக்கத்தின் பகுதி என்பதே அதன் சாரம். லிவியைக்கொண்டு வழக்காடிய சிறுவன் அறுபது வயதில் தன் கல்விக்குக் கூறிய விளக்கமாக இதனைக் கொள்ளலாம்.

3

இனி இக்கல்வியின் எல்லைகளை நோக்குதல் வேண்டும்.

முதலாவது எல்லை 'மூலம்' என்னும் சொல்லிலேயே அடங்கியுள்ளது. உரோமப் பொதுமக்களின் போராட்டத்துக்கு லிவியை மூலச் சான்றாகச் சிறுவன் கொண்டான். லிசினியச் சட்டங்கள் கி.மு. 367ஐச் சார்ந்தவை என்பது மரபு. லிவியோ அகஸ்தஸ் காலத்தவர்; ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டுகள் பிந்தியவர். டயனீசியசும் அவ்வாறே. பழைய பதிவுகளிற் பெரும்பாலானவை கோலியர் நகரை எரித்தபோது அழிந்தன என்று லிவியே தமது ஆறாவது நூலின் தொடக்கத்தில் ஒப்புக்கொள்கிறார். நாம் மூலநூல் எனப் போற்றுவது, இவ்விடத்தில், முன்னோர் கதைகளைத் திரட்டிய இன்னொரு வரலாற்றாசிரியரின் நூலே. ஜேர்மானியராகிய நீபூர் 1811, 1812 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட உரோம வரலாற்றில் இவ்விடர்ப்பாட்டை ஆராய்ந்திருந்தார். தாம் அன்று அவ்வாராய்ச்சியை அறிந்திருக்கவில்லை என மில் குறிப்பிடுகிறார். பழைய மொழியில் எழுதப்பட்டது என்பதனால் மட்டும் ஒரு நூல் சாட்சியாகிவிடுவதில்லை. எழுதியவர் யார், எங்கிருந்து அறிந்தார், யாருக்காக எழுதினார் என்னும் வினாக்கள் மிற்போட்டுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு லிவிக்கும் பொருந்தும்.

இவ்வுண்மையை உணர இலங்கை வாசகர் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. பிளினியின் 'இயற்கை வரலாறு' ஆறாவது நூலில் நம் தீவு 'தப்ரபேன்' என்னும் பெயரில் வருணிக்கப்படுகிறது. குளோடியஸ் பேரரசர் காலத்தில் இங்கிருந்து உரோமுக்குச் சென்ற தூதுவரிடம் கேட்டறிந்தவை என்றே அவர் அவற்றைத் தருகிறார். அடிமைகள் இல்லாத நாடு, மக்களால் தெரிவுசெய்யப்படும் அரசன் என்றெல்லாம் வரும் அச்செய்திகளை அன்றைய இலங்கையின் நேர்ச்சித்திரமாகக் கொள்வார் எவருமிலர். தூதுவர் கூறியது ஒருபுறமிருக்க, உரோமரின் ஆடம்பரத்தையும் பேராசையையும் இடித்துரைக்கும் நோக்கம் அவ்வருணனையில் ஊடாடுகிறது. மூலம் எதைக் கூறுகிறது என்பதோடு, எதற்காகக் கூறுகிறது என்பதையும் கேட்டாலன்றி அதனை வாசித்தவராக மாட்டோம்.

இரண்டாவது எல்லை, தீர்ப்பு யாருடையது என்பது பற்றியது. மிற்போட்டை எதிர்த்து வாசிக்கக் கற்றது உண்மையில் மகனா? நூலைத் திறக்கும் முன்னரே எச்சரிக்கை தரப்பட்டுவிட்டது. மிற்போட்டின் சார்பை மகன் கண்டுபிடிக்கவில்லை. தந்தையின் சார்பைக் கொண்டு மிற்போட்டின் சார்பை மறுத்தான். பெந்தாமின் நண்பரும் பயன்பாட்டுவாதியுமான ஜேம்ஸ் மில்லுக்கு ஏதென்ஸ் மக்களாட்சி ஓர் அரசியற் கட்சிப் பொருள். அந்த அபிமானம் மகனிடமும் நிலைத்தது. தந்தையாரின் நண்பர் குறோட் எழுதத் தொடங்கிய கிரேக்க வரலாற்றை 1846இல் மதிப்பிட்ட மில், ஆங்கில வரலாற்று நிகழ்ச்சி என்ற வகையிலுங்கூட ஹேஸ்டிங்ஸ் போரினும் மரதன் போரே முக்கியமானது எனத் துணிந்தார். பள்ளிக்கூடத்திற் பல ஆசிரியர். அவர்கள் ஒருவரையொருவர் மறுப்பர். வீட்டில் ஆசிரியர் ஒருவரே. அங்கே மூலநூல் சுதந்திரத்தின் கருவியாகவும் அமையலாம். ஆசிரியரின் கருத்துக்குப் பழைமையின் அதிகாரத்தை வழங்கும் கருவியாகவும் அமையலாம்.

மூன்றாவது எல்லை வீட்டையே பற்றியது. இக்கல்வி நடந்த இல்லத்தில் ஒன்பது பிள்ளைகள், மூத்தவர் மில். தாம் கற்றதைத் தங்கைக்கும், பின்னர் ஏனையோருக்கும் கற்பிக்கும் பொறுப்பு அவரைச் சார்ந்தது. அவர்கள் பாடம் தவறினால் கேள்வி அவரிடமே. அம்முறை கற்பித்தலாகவும் பயன் குறைந்தது, ஒழுக்கப் பயிற்சியாகவும் நன்றன்று என்று அவரே எழுதுகிறார். வெளியான சுயசரிதையிலோ தாயைப் பற்றிய தனிக்குறிப்பு எதுவும் இல்லை. வீட்டுக் கல்வி பற்றிய புகழ்பெற்ற சாட்சியத்தில் வீட்டுத் தலைவிக்கு இடமில்லை என்பது சிந்திக்கத்தக்கது. 1826இல், இருபதாவது வயதில், மில்லுக்கு ஏற்பட்ட மனச்சோர்வும் அனைவரும் அறிந்ததே. பகுத்தாராயும் பழக்கம் மட்டும் வளர்க்கப்பட்டு உணர்ச்சி வளர்க்கப்படாமையே அதன் காரணம் என அவர் கருதினார்.

4

மேற்கூறிய எல்லைகள் எந்தக் கல்வியிலும் ஓரளவுக்குக் காணப்படக்கூடியவை. நான்காவதாகக் கூறப்போவது அத்தகையதன்று.

ஜேம்ஸ் மில் தமது இந்திய வரலாற்றை மகன் பிறந்த 1806இல் எழுதத் தொடங்கினார். 1817ஆம் ஆண்டைத் தாங்கி அது மூன்று பாகங்களாக வெளிவந்தது. அந்நூலின் முன்னுரையில் அவர் இந்தியாவுக்கு ஒருபோதும் சென்றதில்லை என்பதையும், கீழைத்தேய மொழிகளில் மிகச் சொற்ப அறிவே உள்ளவர் என்பதையும் மறைக்கவில்லை. மறைக்காதது மட்டுமன்று, அதனைக் குறையாக ஏற்கவும் இல்லை. தகுதியுடைய ஒருவர் இங்கிலாந்தில் தமது அறையிலிருந்தவாறே ஓராண்டிற் பெறக்கூடிய இந்திய அறிவை, இந்தியாவிலே நீண்ட ஆயுளைக் கழித்துக் கண்ணாலும் காதாலும் ஒருவர் பெற இயலாது என வாதிட்டார். வில்லியம் ஜோன்சின் மனுநூல் மொழிபெயர்ப்பு போன்றவற்றை அவர் பயன்படுத்தினார் என்பது மெய். ஆனால் அம்மொழிபெயர்ப்பாளர்கள் இந்திய நாகரிகத்தின்பாற் காட்டிய மதிப்பையே அவர் முதன்மையாக மறுத்தார்.

இரு காட்சிகளையும் அருகருகே வைத்து நோக்குக. மேசையின் ஒருபுறம், மூலமொழியிலன்றிக் கிரேக்கரை அறிதல் தகாதென்பதற்காக ஒரு குழந்தை சொல் சொல்லாகக் கேட்டு ஹெரொடோட்டஸை வாசிக்கிறது. மறுபுறம், மூலமொழி எதுவும் தேவையில்லை என்ற துணிவோடு ஒரு பெருநாட்டின் பல நூற்றாண்டுகள் மீது தீர்ப்பு எழுதப்படுகிறது. கேட்பதும் விடையளிப்பதும் ஒரே மூச்சில் நிகழ்கின்றன. 1817இல் அந்நூல் அச்சாகும்போது தந்தையார் அச்சுப்படிகளைத் திருத்த, கையெழுத்துப் பிரதியை உரக்க வாசித்தவர் பதினொரு வயது மகனே. உரோமப் பொதுமக்களுக்காக லிவியிடம் சான்று தேடிய அதே பருவத்தில், இந்தியர் நாகரிகத்தின் கீழ்ப்படியில் நிற்பவர் என்னும் வாக்கியங்களை அச்சிறுவன் குரலெழுப்பி வாசித்தான். அந்நூல் தமது கல்விக்குப் பெரிதும் உதவியது என்றும், மிகவும் பயன்தரும் வரலாறுகளுள் ஒன்று என்றும் முதுமையிலும் மில் எழுதினார். மிற்போட்டுக்கு எதிராக மூலங்களைத் தேடக் கற்பிக்கப்பட்ட மாணவருக்கு, தந்தையின் நூலுக்கு எதிராக மூலம் தேட வேண்டும் என்று தோன்றவில்லை.

இது வெறும் ஏட்டுப் பிழையாக நிற்கவில்லை. 1819இல் ஜேம்ஸ் மில்லும் 1823இல் மகனும் கிழக்கிந்தியக் கம்பனியின் லண்டன் அலுவலகத்திற் சேர்ந்தனர். மகன் 1858 வரை அங்கே பணியாற்றினார். 1840இல் அந்நூலின் புதிய பதிப்பை வெளியிடத் தொடங்கிய சமஸ்கிருத அறிஞர் எச். எச். வில்சன், ஆசிரியரின் கூற்றுக்களை அடிக்குறிப்புக்களில் இடைவிடாது மறுத்ததோடு, ஆள்வோர் மனத்திற் கடுமையையும் இகழ்ச்சியையும் அந்நூல் வளர்த்தது என முன்னுரையிற் குற்றஞ்சாட்டினார். இந்திய வரலாற்றை இந்துக் காலம், முஸ்லிம் காலம், பிரித்தானியக் காலம் எனக் கூறுபடுத்தும் வழக்கத்துக்கு ஜேம்ஸ் மில்லின் பகுப்பே அடித்தளமிட்டது என்பதையும், வகுப்புவாத வரலாற்று நோக்குக்கு அது இடமளித்தது என்பதையும் ரொமிலா தாப்பர் முதலிய வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

மகனுக்கு நியாயம் வழங்குதல் வேண்டும். 1835இல் ஆங்கிலக் கல்விக்குச் சார்பாக மெக்காலே எழுதிய குறிப்பின் வழி இந்தியக் கல்விக் கொள்கை திரும்பியபோது, அதனைக் கண்டித்து, கீழைத்தேயக் கல்விக்கு ஆதரவளித்து 1836இற் கம்பனியின் சார்பில் நகல் கடிதம் வரைந்தவர் ஜே. எஸ். மில்லே. மேலிடம் அதனை ஏற்கவில்லை. ஆயினும் 1859இல் வெளியான 'சுதந்திரம் பற்றி' என்னும் நூலின் முகப்பிலேயே தமது கோட்பாடு பொருந்தாத இரு சாராரை அவர் விலக்குகிறார்: ஒரு சாரார் குழந்தைகள், மற்றையோர் பின்தங்கிய சமூகத்தினர் என அவர் கருதியோர். குழந்தைப் பருவத்திலேயே லிவியோடு வாதாட அனுமதிக்கப்பட்ட ஒருவர் இவ்வாறு எழுதினார் என்பதே இக்கல்வியின் மீதான மிகக் கடுமையான விமர்சனமாகும்.

5

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு மூலநூற் கல்வி பயனற்றது என்பதன்று. மில்லிடம் நாம் மதிக்கும் பண்புகளுட் பல, மறுதரப்பின் நியாயத்தைத் தேடும் பழக்கம் உட்பட, அம்மேசையிலிருந்தே தோன்றின. அக்கல்வியின் தத்துவத்தை அதன் ஆசிரியர் இறுதிவரை கொண்டுசெல்லவில்லை என்பதே குறை. ஊற்றுக்குச் செல்க என்பது ஒரு விதியாயின், அது ஏதென்சுக்கு ஒரு நீதி, காசிக்கு ஒரு நீதி எனப் பிரியலாகாது. நாம் மதிக்கும் மக்களைப் பற்றி அவர்கள் எழுத்திலேயே அறிதல் வேண்டும், நாம் ஆளும் மக்களைப் பற்றி மற்றவர் கூற்றே போதும் என்பது வரலாற்று முறையன்று, அதிகாரத்தின் முறை.

அவ்விதி நமக்கும் உரியது. விரிவுரைக் குறிப்புகளை மனனஞ் செய்து பரீட்சை எழுதும் நம் மாணவர், மூன்றாங் கையாற் பெற்ற செய்தியையே வரலாறு எனக் கொள்கின்றனர். அவர்களுக்கு மில்லின் மேசை ஒரு முன்மாதிரி. லிவியின் ஓர் அத்தியாயத்தை மொழிபெயர்ப்பிலேனும் வாசித்து அதன்மேற் கேள்வி எழுப்புதல், பத்துக் குறிப்புகளைப் பாடமாக்குவதினும் மேலானது. அதே வேளையில் அம்மேசை ஓர் எச்சரிக்கையுமாகும். நம் பெருமைக்குத் துணைநிற்கும் கல்வெட்டையும் இலக்கியத்தையும் மூலத்திற் படித்துவிட்டு, நம்மோடு வாழும் மற்றொரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை அவர்தம் மொழியறியாது, அவர்தம் நூல் திறவாது தீர்ப்பிடுவோமாயின், ஜேம்ஸ் மில் செய்ததையே நாமும் செய்கிறோம். இந்நாட்டின் இரு மொழிகளிலும் வரலாற்று நூல்கள் எழுதப்படுகின்றன. ஒரு மொழியார் எழுதியதை மறுமொழியார் மூலத்தில் வாசிப்பது அரிது. அந்த வாசிப்பைத் தொடங்கக் கிரேக்கம் கற்க வேண்டியதில்லை.